இனங்காண்பது வேறு, இனம்பிரிப்பது வேறு: லைக்கன் வகைப்பாட்டில் மரபணுச் சான்று

லைக்கன் என்று ஒற்றைப் பெயரால் நாம் அழைக்கும் உடலத்துக்குள் குறைந்தது இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று பூஞ்சை. மற்றொன்று, ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவளிக்கும் பச்சைப்பாசி அல்லது நீலப்பச்சைப்பாசி. 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் இதை முன்வைத்தபோது கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் நைலாண்டர். லைக்கன்மீது காரத்தையும் சலவைத்தூள் கரைசலையும் சொட்டுவிட்டு, நிறமாற்றத்தைக் கொண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் முறையை 1866இல் அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். லைக்கனின் இரட்டை இயல்பை மறுத்தவர் தந்த கருவி, அதை ஏற்றுக்கொண்டவர்கள் கையில் இன்றும் புழங்குகிறது.

பெயரிடல் விதிகள் இந்தச் சிக்கலை ஒரு வழியாக முடித்துவைத்தன: லைக்கனுக்கு இடப்படும் பெயர் அதன் பூஞ்சைக்கே உரியது. ஆனால் நம் கண்ணுக்குப் படும் இலைவடிவமும் நிறமும் பூஞ்சை தனித்து உருவாக்கியவை அல்ல; கூட்டாளியோடு சேர்ந்து உருவாக்கியவை. கூட்டு உருவத்தைப் பார்த்து ஒருவருக்கு மட்டும் பெயர் வைக்கிறோம். மரபணுச் சான்று லைக்கனியலில் இவ்வளவு எடை பெற்றதற்கு முதற்காரணம் இந்த இடைவெளிதான். 1991இல் டேனியேலே ஆர்மலியோவும் பிலிப் கிளர்க்கும் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. பச்சைப்பாசியோடு வாழும் ஸ்டிக்டா கனாரியென்சிஸும், நீலப்பச்சைப்பாசியோடு வாழும் ஸ்டிக்டா டுஃபூரியும் தோற்றத்தில் வெவ்வேறு. இரண்டின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது, ஒரே பூஞ்சைதான் கூட்டாளிக்கு ஏற்ப இரண்டு உருவம் எடுக்கிறது என்று தெரிந்தது.

இத்தகைய வெற்றிகள் ஒரு மயக்கத்தையும் வளர்த்துவிட்டன. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே அமைந்த ஐ.டி.எஸ். பகுதியைப் பூஞ்சைகளின் பொதுப் பட்டைக்குறியாக ஏற்கலாம் என்று 2012இல் ஒரு பன்னாட்டுக் குழு பரிந்துரைத்தது. ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட சிற்றினங்களில் கையிலுள்ள மாதிரி எதனோடு சேரும் என்று கண்டறியச் சொன்ன கருவி அது. நாளடைவில், சிற்றின எல்லையை வகுக்கும் வேலையையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டோம். இனங்காண்பதற்குப் போதுமான சான்று இனம்பிரிப்பதற்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இனம்பிரிக்கும்போது கேட்க வேண்டியது இரண்டு வரிசைகளுக்கிடையே எத்தனை எழுத்துகள் மாறியுள்ளன என்பதல்ல. அருகருகே வாழும்போது இவை கலக்கின்றனவா, இல்லையா என்பதே கேள்வி.

ஐ.டி.எஸ்.ஸின் பக்கம் நின்று பேசக்கூடிய மிக வலுவான சான்று கோரா பேரினம். தென்னமெரிக்க, நடு அமெரிக்க மலைகளில் பரவலாக வளரும் இந்த விசிறிவடிவ லைக்கனை டிக்டியோனீமா கிளாப்ராட்டம் என்ற ஒற்றைச் சிற்றினமாகவே நெடுங்காலம் கருதினார்கள். ராபர்ட் லுக்கிங்கும் குழுவினரும் 2014இல் 356 ஐ.டி.எஸ். வரிசைகளை ஆராய்ந்து, அதற்குள் குறைந்தது 126 சிற்றினங்கள் இருப்பதாக முடிவுக்கு வந்தனர். மாதிரி சேகரிக்காத நிலப்பரப்புகளையும் கணக்கில் கொண்டால் எண்ணிக்கை 452 வரை போகலாம் என்றும் மதிப்பிட்டனர். 2017இல், டேவிட் ஹாக்ஸ்வொர்த்தின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி, எழுபது புதிய கோரா சிற்றினங்கள் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. பிறந்தநாள் பரிசாக இவ்வளவு பெயர்கள் கிடைத்த பூஞ்சையியலாளர் வேறு எவரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்த எண்களைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. 452 என்பது எண்ணிப் பார்த்த தொகை அல்ல, புள்ளியியல் முன்கணிப்பு என்பதை மறந்து மேற்கோள் காட்டுபவர்களும் உண்டு. ஆயினும் கோரா ஆய்வை நான் ஏற்கிறேன். காரணம் வரிசைகள் மட்டும் அல்ல. மரபணு மரம் கிளை பிரித்துக் காட்டிய பிறகு ஆய்வாளர்கள் மாதிரிகளிடம் திரும்பினார்கள். நிறம், விளிம்பின் அமைப்பு, மேற்பரப்பின் மயிர்கள், வளரும் இடம் எனக் கிளைக்குக் கிளை வேறுபாடுகள் கிடைத்தன. அவற்றில் பல, உலர்த்தித் தாளில் ஒட்டியதும் மறைந்துபோகிறவை. உலர்தாவரத் தொகுப்பை மட்டும் நம்பிய தலைமுறைகள் ஒரே சிற்றினம் என்றதற்கு இதுவே விளக்கம். மரபணு அங்கே தீர்ப்பு வழங்கவில்லை. மறுபடி எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று இடம் காட்டியது.

எதிர்த்திசைச் சான்று அண்டார்க்டிகாவிலிருந்து வருகிறது. தெற்கு ஷெட்லண்டு தீவுகளைச் சேர்ந்த கிங் ஜார்ஜ் தீவில் உஸ்னியா அண்டார்க்டிகாவும் உஸ்னியா அவுரான்டியகோஅட்ராவும் ஒரே வாழிடத்தில் வளர்கின்றன. முன்னது சொரீடியா எனும் பொடித்துகள்களால் பரவுகிறது. அத்துகளில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே பயணிக்கின்றன. பின்னது கிண்ணவடிவக் கனியுடல்களில் பாலினப் பெருக்கம் செய்து பூஞ்சை வித்துகளை மட்டும் வெளியிடுகிறது. ஒன்று பாலினவழி, மற்றது பாலிலாவழி என்ற இத்தகைய இணைகளைச் ‘சிற்றின இணை’ என்று யோசஃப் போல்ட் 1970களில் கோட்பாடாக்கினார். ஒரே ஐ.டி.எஸ். வரிசை வடிவங்களை இரண்டும் பகிர்ந்துகொண்டதால், இவை ஒரே சிற்றினத்தின் இரு வடிவங்களோ என்ற ஐயம் நீடித்தது. 2018இல் லகோஸ்டினாவும் சக ஆய்வாளர்களும், விரைவாக மாறும் மைக்ரோசாட்டிலைட் குறிகளைக் கொண்டு சோதித்தபோது மாதிரிகள் இரு தொகுதிகளாகத் தெளிவாகப் பிரிந்தன. அதே ஆண்டு, மரபணுத்தொகுதி முழுவதிலும் சிதறிய குறிகளைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வும் இரண்டும் தனிச் சிற்றினங்கள் என்றே முடிவுசெய்தது.

இது வியப்புக்குரியதல்ல. ஐ.டி.எஸ்.ஸில் ஏறத்தாழ 500 முதல் 700 எழுத்துகளே இருக்கும். அந்தப் பூஞ்சையின் மரபணுத்தொகுதியோ கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்டது. அண்மையில் பிரிந்த இரு சிற்றினங்கள் பொதுமூதாதையின் பழைய வடிவங்களைச் சில பகுதிகளில் இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கும். ஒரு பகுதியில் வேறுபாடு இல்லை என்பது ஒருமைக்குச் சான்றாகாது.

அப்படியானால் நிறைய மரபணுக்களைச் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. இனக்கிளைப்பை மாதிரியாக்கும் கணிப்பு முறைகள் சிற்றினங்களை அல்ல, மக்கள்தொகைக் கட்டமைப்பையே பிரித்துக் காட்டுகின்றன என்று ஜீத் சுகுமாரனும் லேசி நோல்ஸும் 2017இல் நிறுவினர். தரவு பெருகப் பெருக, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சிறு வேறுபாடுகூட எல்லையாகத் தோன்றும். சொரீடியாவால் நகலெடுத்துப் பரவும் லைக்கன்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு. தொலைவில் வாழும் இரண்டு நகல்வரிசைகள் கலக்காமல் இருப்பது இயல்பே. அதற்காக ஒவ்வொன்றையும் சிற்றினம் ஆக்க முடியாது. கிங் ஜார்ஜ் தீவுச் சான்றை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அங்கே தொலைவு என்ற சாக்கு இல்லை.

டி.என்.ஏ. யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. உடலத்தில் ஒரு துண்டைக் கிள்ளி அரைத்தால் உரிய பூஞ்சையோடு, அதன்மேல் வாழும் பிற பூஞ்சைகளின் வரிசைகளும் வரும். பிரையோரியா பேரினத்தின் இரு லைக்கன்கள் இதற்கு எடுத்துக்காட்டு. பிரையோரியா ஃப்ரெமோன்டி பழுப்பு நிறத்தது. வட அமெரிக்கத் தொல்குடிகள் சமைத்து உண்டது. பிரையோரியா டார்டுவோசா மஞ்சள் நிறத்தது, நச்சுடையது. இரண்டின் பூஞ்சையையும் மரபணுவால் பிரிக்க முடியவில்லை. நச்சுள்ளதில் பேசிடியோமைசீட் ஈஸ்ட் எனும் வேறொரு பூஞ்சை மிகுந்திருப்பதை டோபி ஸ்பிரிபில் குழு 2016இல் காட்டியதும், லைக்கன்கள் எல்லாவற்றிலும் மூன்றாம் கூட்டாளி உண்டு என்ற பேச்சு எழுந்தது. 339 சிற்றினங்களை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, அந்த ஈஸ்ட்கள் எங்கும் இருப்பவை அல்ல என்று பேச்சை அடக்கியது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்று, செட்டிநாட்டுச் சமையலில் புழங்கும் கல்பாசி. பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று அதற்குப் பெயர் சொன்னாலும் சந்தைக்கு வருவது பல சிற்றினங்களின் கலவை. பொடித்த மசாலாவில் உருவமோ விளிம்போ மிஞ்சாது. அங்கே பட்டைக்குறியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மேற்கோள் வரிசைகள் வேண்டும். அந்தப் பெயரோ 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹட்சன் இங்கிலாந்து லைக்கனுக்கு இட்டது. நீலகிரிச் சோலைகளில் அதே பெயரில் நாம் பறிப்பது அதே சிற்றினமா என்பதை, தரவுத்தளத்தில் அருகிலுள்ள வரிசையைத் தேடிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரே சோலையில், முடிந்தால் ஒரே மரத்தில், சொரீடியா உள்ளவையும் கனியுடல் உள்ளவையுமாகப் பல உடலங்களைச் சேகரிக்க வேண்டும். மென்படல வண்ணப்பிரிகையால் அவற்றின் அமிலங்களைப் பார்த்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல மரபணுப் பகுதிகளைப் படித்து, ஒவ்வொரு மாதிரியையும் வரிசை எண்ணோடு தொகுப்பில் வைக்க வேண்டும். டி.என்.ஏ. வரிசையையே, சிற்றினப் பெயருக்கு ஆதாரமாகும் வகைமாதிரியாக ஏற்கலாம் என்ற முன்மொழிவு 2018இல் சான் ஹுவான் பூஞ்சையியல் மாநாட்டில் நிறைவேறவில்லை. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். வரிசையில் ஐயம் எழும் நாளில் மீண்டும் பிரித்துப் பார்க்கத் தொகுப்பில் ஓர் உடலம் இருந்தாக வேண்டும்.