ஆசனத்தில் வலுவும் வளைவும்: ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது குன்னம் தொகுதி. அதற்குக் கிழக்கே, முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் ஒரு சுவரில் கூத்தப்பிரான் ஆடுகிறார். காலடியில் காரைக்கால் அம்மையார் தாளம் போடுகிறார். வடபுறத்திலோ ஞான சரஸ்வதி அசைவின்றி அமர்ந்திருக்கிறாள். ஆடும் உடல் ஒன்று, அடங்கிய உடல் ஒன்று. பதினொன்றாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் உடலை வளைக்கும் வித்தை பெரும்பாலும் ஆடலரங்கின் சொத்தாகவும், யோகம் அமர்தலின் சொத்தாகவும் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் கரணங்கள் எனப்படும் 108 ஆடல் நிலைகளில் 81 மட்டும் செதுக்கி முடித்திருக்கிறார்கள். சிதம்பரம் கோபுரங்களில் 108-ம் உண்டு. இன்றைய யோக வகுப்பில் மாணவர்கள் முயன்று எட்டும் வளைவுகள் சில அவற்றில் சாதாரணமாக வந்துபோகின்றன. ஆனால் அவை நாட்டிய சாத்திரக் கணக்கில் வந்தவை. இந்த இரண்டு கணக்குகளும் எப்போது, யாருக்காகக் கலந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பதஞ்சலியின் யோகசூத்திரம் ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். நிலைத்தும் இதமாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் எந்த உடல் நிலையையும் அது பெயர் சொல்லி விதிக்கவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இன்னும் கொஞ்சம் இறங்கிவந்து பேசுகிறது. பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகம் என ஏழைச் சிறந்தவையாக எண்ணுகிறது. ஆசனங்கள் நூற்றுக்கு மேல் உண்டு என்றும் சொல்லி வைக்கிறது. அதே பகுதியில் வரும் குக்குடாசனம்தான் நமக்கு முக்கியம். பாதங்களைத் தொடைமேல் ஏற்றி, உடல் முழுவதையும் கைகளில் தூக்கி, ஆடாமல் நிற்க வேண்டும். இடுப்பு மூட்டு வெளிப்புறமாகச் சுழலாதவருக்குப் பாதம் தொடைமேல் ஏறாது. வலிந்து ஏற்றினால் அந்த முறுக்கு முழங்காலில் போய் இறங்கும். மணிக்கட்டிலும் வயிற்றிலும் வலுவில்லாதவருக்கு உடல் தரையை விட்டு எழாது. ஆக, வளைவும் வலுவும் ஒரே ஆசனத்தில் சந்திக்கும் இடம் தமிழ் நூலிலேயே இருக்கிறது. எனினும் அங்கே அது விதிவிலக்கு. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடப்பிரதீபிகை பதினைந்து ஆசனங்களை விவரிக்கிறது. முழங்கைகளில் உடலைத் தாங்கும் மயூராசனம் அவற்றுள் ஒன்று.

பெரிய மாற்றம் மைசூரில் நடந்தது என்பது பலரும் ஏற்ற கருத்து. அரண்மனையில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதி என்ற நூல் 122 ஆசனங்களை ஓவியமாகக் காட்டுகிறது. 1996-இல் ஆய்வாளர் நார்மன் ஸ்ஜோமன் இதை முன்வைத்து, மல்லர் பயிற்சியும் உடற்பயிற்சிக் கூடமும் ஆசனத்துக்குள் நுழைந்தன என்றார். மற்றோர் ஆய்வாளரான மார்க் சிங்கிள்டன் 2010-இல் இந்த வாதத்தை மேலைநாட்டு உடற்பயிற்சி இயக்கம் வரை நீட்டினார். அந்த நீட்சி கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு சிங்கிள்டனே ஜேசன் பர்ச்சுடன் சேர்ந்து ஹடாப்யாசபத்ததி என்ற வடமொழிச் சுவடியை ஆராய்ந்தார். அதில் 112 ஆசனங்கள். கயிற்றில் ஏறியும் தொங்கியும் செய்பவை, திரும்பத் திரும்ப அசைந்து செய்பவை எல்லாம் உண்டு. ஐரோப்பிய உடற்பயிற்சிக் கூடம் இங்கே வருவதற்கு முன்பே உழைப்பு மிகுந்த ஆசனமரபு ஒன்று இருந்திருக்கிறது.

அந்த மரபை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் அவருடைய யோகசாலை தொடங்கியது. மறு ஆண்டு அவருடைய யோக மகரந்தம் என்ற நூல் கன்னடத்தில் வெளிவந்தது. அங்கே அவர்முன் நின்றவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். குதித்துப் பின்செல்வது, கையூன்றி எழுவது, மூச்சோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் செய்வது எல்லாம் அந்த வயதுக்குப் பொருந்தியவை. அவர்களிடம் வளைவு ஏற்கெனவே இருந்தது. வலுவும் அடக்கமும்தான் வேண்டியிருந்தன. அவருடைய மாணவர்களில் பட்டாபி ஜோயிஸ் அந்த வேகத்தைக் காப்பாற்றி வளர்த்தார். பி.கே.எஸ். அய்யங்கார் நிலையில் நின்று துல்லியம் தேடினார். கட்டை, கயிறு, நாற்காலி என்று துணைக்கருவிகளைக் கொண்டுவந்தார்.

கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி வெளிநாட்டு ஆய்வுகள் குறைவாகவே பேசுகின்றன. எனக்கு அதுவே வளமான பகுதி. ஐம்பதுகளில் தொடங்கிய அந்தச் சென்னை வாழ்வில் அவரிடம் வந்தவர்கள் நடுத்தர வயதினர், நோயாளிகள், குடும்பப் பெண்கள். அதே ஆசிரியர், அதே ஆசனப் பட்டியல். கற்பித்த முறை மட்டும் மாறிவிட்டது. குதிப்பு போய், ஒவ்வொருவர் உடலுக்கும் ஏற்ற வரிசை வந்தது. முழங்காலைச் சற்று மடக்கிக் குனிவது தவறாகக் கருதப்படவில்லை. மூச்சு நீண்டால் போதும், கை பாதத்தைத் தொட வேண்டியதில்லை. மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இந்த முறையையே எடுத்துக்கொண்டது.

குன்னம் பக்கத்துப் பருத்திக் காட்டிலும் வெங்காய வயலிலும் குந்தியபடி களை எடுப்பவர்களை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். குந்தி உட்காரும் பழக்கத்தால் இடுப்பும் கணுக்காலும் மடங்குவதில் அவர்களுக்குச் சிரமம் இருக்காது. நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு மேலும் குனிவு தருவதில் பயன் குறைவு. முதுகை நிமிர்த்தித் தாங்கும் வலுவே அதற்குத் தேவை. நகரத்து நாற்காலி வேலைக்காரருக்கோ இடுப்பு முதலில் இளக வேண்டும். மைசூர்ச் சிறுவர்களுக்கு எழுதிய வரிசை இந்த இருவருக்குமே அப்படியே பொருந்தாது.

2020 டிசம்பரில் இந்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. நடுவரின் கண்ணுக்குத் தெரிவது உடல் எடுக்கும் வடிவம். மூச்சின் நீளத்துக்கு மதிப்பெண் போடுவது கடினம். ஆடலரங்கின் பழைய கணக்கு யோகத்துக்குள் இப்போது வெளிப்படையாகவே வந்து சேர்ந்திருக்கிறது.