வலியின் பெயரும் உலோகத்தின் பெயரும்: ஜின்சூ ஆற்றுப்படுகை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளைபொருட்களிற் கலந்துள்ள உலோகங்களை அளவிடுதல் ஆய்வுகூடத்துக்கு மாத்திரம் உரியதொரு நுட்பமென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அவ்வளவீடு சமூக முக்கியத்துவம் பெற்ற வரலாற்றை நோக்குமிடத்து, உழைக்கும் பெண்களின் உடல்களே அதன் தொடக்க ஆவணங்களாக அமைந்தமையை நாம் காண்கின்றோம். யப்பானின் தொயாமா மாகாணத்து ஜின்சூ ஆற்றுப்படுகை இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வாற்றின் மேற்பகுதியில், அயல் மாகாணமான கிஃபுவில், மிட்சுயி நிறுவனத்துக்குரிய கமியோக்காச் சுரங்கம் அமைந்திருந்தது. அங்கு நாகமும் ஈயமும் அகழப்பட்டன. நாகத்தாதுவிற் சிறிதளவு கட்மியமும் கலந்திருக்கும். தாதுவை நுண்தூளாக அரைத்துப் பிரிக்கும் முறை வளர்ச்சியடைந்தபோது, கட்மியம் கலந்த கழிவு ஆற்றோடு கீழிறங்கி, வாய்க்கால்கள் வழியே நெல்வயல்களிற் படிந்தது. போர்க்கால உலோகத் தேவை உற்பத்தியைப் பெருக்கிற்று. கழிவும் உடன் பெருகிற்று.

நெல்மணி வழியாக உடலிற் சேரும் கட்மியம் சிறுநீரகத்திற் பல்லாண்டுகள் தங்கி அதனைச் சிதைக்கின்றது. எலும்புக்கு வேண்டிய கனியுப்புகள் சிறுநீரோடு வெளியேற, எலும்பு மென்மையுற்று முறிகின்றது. பிள்ளைகள் பலரைப் பெற்ற, நடுவயது கடந்த விவசாயப் பெண்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 'வலிக்கிறது, வலிக்கிறது' எனப் பொருள்படும் அவர்களது கதறலே 'இத்தாய்-இத்தாய்' என நோயின் பெயராயிற்று. உலோகம் இனங்காணப்படுமுன்னரே வலி பெயர் பெற்றுவிட்டது.

வறுமையும் கடுமையான உழைப்பும் போசாக்கின்மையுமே காரணங்களென முதலிற் கருதப்பட்டன. 1946 இல் போரிலிருந்து ஊர் திரும்பிய வைத்தியர் நொபோரு ஹகினோ, நோயாளரின் வீடுகளை வரைபடத்திற் குறித்தபோது, அவை ஜின்சூ நீர் பாயும் பகுதிக்குள்ளேயே அடங்குவதைக் கண்டார். சுரங்கக் கழிவே காரணமென்ற அவரது கருத்து ஏளனத்துக்கு உள்ளாயிற்று. எனினும் 1961 இல், விவசாய அறிஞர் கின்இச்சி யொஷியொக்காவுடன் இணைந்து, கட்மியமே காரணமென அவர் அறிவித்தார். 1968 இல் யப்பானிய அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

அவ்வாண்டிலேயே பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். கட்மியம் எவ்வளவு உட்கொள்ளப்பட்டது, எவ்வாறு எலும்பைத் தாக்கிற்று என்பன முற்றாக நிறுவப்படல் வேண்டுமென நிறுவனம் வாதிட்டது. விஞ்ஞானத்தின் நிறைவின்மை இவ்வாறு மூலதனத்தின் கேடயமாக்கப்பட்டது. நோய்ப்பரவல் பற்றிய சான்றுகளே பொறுப்பைத் தீர்மானிக்கப் போதியனவெனக் கொண்டு, 1971 இல் மாவட்ட நீதிமன்றமும் 1972 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தன.

இழப்பீட்டோடு மக்கள் அமைதியடைந்துவிடவில்லை. தாம் தெரிவுசெய்யும் நிபுணர்களுடன் சுரங்கத்துட் சென்று, நிறுவனத்தின் செலவிலேயே அதனைப் பரிசோதிக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தின் மூலம் பெற்றனர். 1979 இல் தொடங்கிய வயல் மண் சீரமைப்பு 2012 வரை நீடித்தது.

அரிசியில் அனுமதிக்கப்பட்ட கட்மிய அளவும் வரலாற்றுக்கு உட்பட்டதே. 1970 இல் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் என வகுக்கப்பட்ட எல்லை, 2011 இல் 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, 'பாதுகாப்பான அளவு' எனப்படும் எண்ணை இயற்கை விதித்த எல்லையாக நாம் கொள்ளல் இயலாது. யாருடைய வலி சான்றாக ஏற்கப்பட்டது, அளக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் அளித்த விடையும் அவ்வெண்ணில் அடங்கியுள்ளது.