ஆகிஞ்சன்யம்

ஆகிஞ்சன்யம்: தன்னைக் காத்துக்கொள்ளத் தன்னிடம் கைம்முதல் எதுவும் இல்லை என்று ஓர் உயிர் உணரும் நிலை. வைணவ ஆசிரியர்கள் இதை அநந்யகதித்துவத்தோடு, அதாவது இறைவனையன்றி வேறு புகலில்லை என்ற தெளிவோடு, சேர்த்தே பேசுவர். இவ்விரண்டும் வாய்த்தவரே சரணாகதிக்கு உரியவர். வேறிடங்களில் குறையாக எண்ணப்படும் இயலாமையும் தனிமையும் இங்கே தகுதியாகக் கொள்ளப்பட்டிருப்பது இக்கொள்கையின் பெருமை.

இதன் வேர் ஆழ்வார் பாசுரங்களில் உள்ளது. தொண்டரடிப்பொடியாழ்வார் 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையின் பிற்பகுதியில், ஊர், நிலம், உறவு என மனிதன் சார்ந்து நிற்கும் ஒவ்வொன்றும் தமக்கில்லை என்று சொல்லி அரங்கனைக் கூவி அழைக்கிறார். நம்மாழ்வார் திருவாய்மொழி 5.7-இல் நோன்பும் அறிவும் இல்லாத தம் நிலையை வானமாமலைப் பெருமாளிடம் முறையிட்டு, 6.10-இல் திருவேங்கடமுடையானின் திருவடியில் அடைக்கலம் புகுகிறார். வைணவ உலகம் தன் தலைவராகக் கொண்டாடும் ஒருவரே தம்மிடம் ஒன்றுமில்லை என்று பாடியிருப்பது, பின்வந்தோர்க்குப் பெருந்துணையாயிற்று.

நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார் இவ்வுணர்வை வடமொழியில் ஸ்தோத்திர ரத்தினமாக்கினார். கருமம், ஞானம், பக்தி ஆகிய மூன்று நெறிகளிலும் தமக்கு நிலையில்லை என்பதையே காரணமாகக் காட்டிச் சரண் புகுவது அந்நூலின் உயிர்ப்பகுதி. இராமாநுசர் (1017–1137) பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில், தாயாரும் பெருமாளும் சேர்ந்து எழுந்தருளியிருந்தபோது, சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு.

பாஞ்சராத்திர நூலாகிய அகிர்புத்நிய சங்கிதை சரணாகதியை ஆறாகப் பகுக்கிறது: இறைவனுக்கு இசைந்ததைச் செய்ய உறுதிகொள்ளல் (ஆனுகூல்ய சங்கல்பம்), இசையாததை விடல் (பிராதிகூல்ய வர்ஜனம்), அவன் காப்பான் என்ற பெருநம்பிக்கை (மகாவிசுவாசம்), காக்கும்படி வேண்டல் (கோப்த்ருத்துவ வரணம்), தன்னை ஒப்படைத்தல் (ஆத்மநிட்சேபம்), தன் எளிமையை உணர்தல் (கார்ப்பண்யம்). இவற்றுள் மகாவிசுவாசமும் கார்ப்பண்யமும் பிரிக்க முடியாதவை. நம்பிக்கையில்லாத எளிமை சோர்வில் முடியும். எளிமையில்லாத நம்பிக்கை செருக்காகும்.

பாகுபாட்டில் இதனினும் ஆழமானது பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் செய்தது. சரண் புகுவோரை அவர் மூவராக வகுத்தார். அறியாமையால் வேறு வழி காணாதவர் அஜ்ஞர். இறைவனின் பெருமையை முற்றும் அறிந்ததால் தம் முயற்சி பொருந்தாது எனக் கண்டவர் ஞானாதிகர். அன்பின் மிகுதியால் நெறி எதையும் முறையாகச் செய்ய இயலாதபடி தளர்ந்தவர் பக்தி பரவசர். பூர்வாசாரியர்களை இரண்டாம் வகையிலும் ஆழ்வார்களை மூன்றாம் வகையிலும் வைத்த அவர், தம்மை நம்போன்றவரோடு சேர்த்து முதல் வகையில் நிறுத்திக்கொண்டார். மூவருக்கும் பொதுவானது கையில் ஒன்றுமில்லாமை. சரண் புக இடம், காலம், முறை, ஆள் என்ற வரையறை ஏதுமில்லை என்றும் அவரே கூறினார். மாதவிலக்கு நாளில் சரண் புகுந்த திரௌபதி இதற்குச் சான்று. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்ற அவர், வழியில் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார் என்பர்.

வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகர் (1268–1369) இரகசியத்திரய சாரத்தில், அருள் இறங்க உயிரின் பக்கலில் ஒரு வியாஜம், அதாவது ஒரு சிறு காரணம், வேண்டும் என்றார். மற்றப் பிரிவான தென்கலையின் ஆசிரியர்கள் அந்த நிபந்தனையையும் களைந்து, சரணாகதி செய்யும் மனமும் அவன் தந்ததே எனத் தெளிவுபடுத்தினர். தன் நம்பிக்கையே போதாதோ என்று அஞ்சுபவனுக்கு இத்தெளிவு பெரும் ஆறுதல். வராகப் பெருமாளின் வாக்காகிய வராக சரம சுலோகமும் இத்தகைய ஆறுதலையே தருகிறது: உடலும் நினைவும் தளர்ந்து கட்டையாய்க் கிடக்கும் கடைசி நேரத்தில், நலமாயிருந்தபோது தன்னை நினைத்த அடியவன் நினைக்காவிடினும், தான் அவனை நினைப்பதாகப் பெருமாள் வாக்களிக்கிறான்.

மக்களிடையே இக்கொள்கையைக் கொண்டுசேர்த்தது திருக்கோளூர்ப் பெண்பிள்ளை இரகசியம். மதுரகவியாழ்வார் பிறந்த திருக்கோளூருக்கு இராமாநுசர் வந்தபோது, ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த பெண்ணொருத்தி, அக்குரூரர், விதுரர் முதலிய அடியார்கள் செய்தவற்றுள் ஒன்றையும் தான் செய்ததில்லை என 81 வாக்கியங்களில் சொன்னாள். அங்கே வாழத் தனக்குத் தகுதியில்லை என்பது அவள் முடிவு. இராமாநுசர் அவளை ஊருக்கே திரும்ப அழைத்துச் சென்று, அவள் இல்லத்தில் அமுது செய்தார் என்று மரபு கூறும். பெயர் தெரியாத இப்பெண் ஞானத்தில் எந்த ஆசாரியருக்கும் குறைந்தவளல்லள்.

இக்காலத்தில் சரணாகதி, தென்கலையாரிடம் ஆசாரியர் வழிச் செய்யும் சமாசிரயணத்திலும் வடகலையாரிடம் காக்கும் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கும் பரந்நியாசத்திலும் வழங்குகிறது. பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் சரணாகதி கத்தியம் உள்ளிட்ட கத்தியத்திரயம் சேவிக்கப்படுகிறது.