உம் கஸ்ர், 2003: கடற்கண்ணித் தேடலில் ஒலியும் நிழலும்

1991 பிப்ரவரி 18 அன்று, பாரசீக வளைகுடாவின் வடபகுதியில் இரு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சில மணி நேர இடைவெளியில் ஈராக்கியக் கடற்கண்ணிகளால் சேதமுற்றன. ‘திரிப்போலி’யைத் தாக்கியது, கம்பியால் பிணைக்கப்பட்டு நீரிடையே மிதந்த தொடுகண்ணி. ‘பிரின்ஸ்ட’னைத் தாக்கியது, கடல்தரையில் கிடந்தவாறே கப்பலின் காந்தப்புலத்தையும் ஒலியையும் உணர்ந்து வெடிக்கும் ‘மாண்டா’ வகை.

இவ்வேறுபாடு முக்கியமானது. மிதக்கும் கண்ணியின் கம்பியை அறுத்து, மேலெழுந்ததும் அழித்துவிடுவது கண்ணிவாரிக் கப்பல்களின் பழைய வழக்கம். தரையில் கிடப்பதற்கு அறுக்கக் கம்பி இல்லை. போலியான காந்தப்புலத்தை எழுப்பி வெடிக்கச் செய்யலாம். ஆனால் சில கப்பல்களைக் கடக்கவிட்டுப் பின்னர் வெடிக்குமாறு அமைக்கப்பட்ட கண்ணிகளிடம் அம்முறை முழு உறுதி அளிக்காது. ஒவ்வொன்றையும் தேடிக் கண்டறிவதே வழியாயிற்று.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2003 மார்ச்சில், அத்தேடல் ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தில் நிகழ்ந்தது. நிவாரணக் கப்பல் நுழையக் கால்வாய் திறக்கப்பட வேண்டும். நீரோ சேறு கலங்கியது. ஓதத்தின் இழுப்பும் வலியது. முக்குளிப்போரின் கண்கள் அங்கே பெரிதும் பயன்படவில்லை.

அங்கு இறக்கப்பட்ட ‘ரீமஸ்’, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் கரையோர ஆய்வுக்காக உருவான தன்னியக்க நீரடி ஊர்தி. எடை ஏறக்குறைய 37 கிலோ, இருவர் தூக்கிவிடலாம். உழவுச்சால் போல இணைகோடுகளில் சென்று, இருபுறமும் ஒலித்துடிப்புகளை அனுப்பி, எதிரொலிகளைப் பதிவு செய்தது. தரையில் ஒரு பொருள் துருத்தி நின்றால் அதன் பின்புறத்தை ஒலி எட்டாது. படத்தில் அவ்விடம் கருநிழலாகும். நிழலின் நீளத்தையும் ஊர்தியின் உயரத்தையும் கொண்டு பொருளின் உயரத்தைக் கணிக்கலாம். போரில் தன்னியக்க ஊர்தி கண்ணி தேடிய முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது.

ஆயினும் துறைமுகத் தரையில் கிடக்கும் உருளையும் இரும்புத்துண்டும் நிழல் வீழ்த்துபவையே. திரும்பிவந்த ஊர்தியின் பதிவுகளை மனிதர்களே படித்து, ஐயத்திற்குரிய புள்ளிகளைக் குறித்தனர். அவற்றைச் சோதிக்க முக்குளிப்போர் இறங்கினர். பயிற்றப்பட்ட ஓங்கில்களும் அப்பணியில் பங்கேற்றன. மார்ச் 28 அன்று பிரித்தானியக் கப்பல் ‘சர் கலஹாட்’ உணவும் மருந்தும் ஏற்றி உள்ளே வந்தது.

ஊர்தி மனிதனை நீரிலிருந்து முற்றாக விலக்கிவிடவில்லை. அவன் எங்கே இறங்க வேண்டும் என்பதைக் குறுக்கித் தந்தது. சோனார் நிழல்களைக் காட்டும். ‘இனி இங்குக் கண்ணி இல்லை’ என்று அது சொல்வதில்லை. அச்சொல்லுக்கான பொறுப்பு, கால்வாயைத் திறக்க ஆணையிட்ட மனிதர்களிடமே இருந்தது.