ஆவாரம்பூ ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது?

பதுகம்மா சமயத்தில் ஹைதராபாத்தில் இருந்திருக்கிறீர்களா? பெண்கள் அடுக்கடுக்காகக் கட்டிச் சுமந்து வரும் பூக்கோபுரத்தில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிவது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ஆவாரம்பூதான். இங்கே அதன் பெயர் தங்கேடு. தெலங்கானாவின் மாநில மலரும் அதுவே.

அதில் ஒரு பூவை எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே மகரந்தத் தாள்கள் சில குட்டையாகவும் சில நீளமாகவும் இருக்கும். சூல்தண்டு ஒரு பூவில் இடப்பக்கம் வளைந்திருக்கும், அதே செடியின் இன்னொரு பூவில் வலப்பக்கம்.

இதற்குக் காரணம் பூவைத் தேடி வரும் விருந்தாளி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் கூலி. அதுவும் நுனியில் சின்ன ஓட்டை உள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். நாம் கருவண்டு என்று சொல்லும் பெரிய தச்சுத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை 'விர்ர்' என்று அதிரவைத்தால், உப்புக் குப்பியை உலுக்கியது போல மகரந்தம் கொட்டும். குட்டைத் தாள்களில் இருப்பது அதன் சாப்பாடு. நீளத் தாள்களில் இருப்பது அதன் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒட்டி, எதிர்ப்பக்கம் வளைந்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேரும்.

சரி, விருந்தாளி வருவது குறைந்தால் பூ என்ன ஆகும்? பாரிஸ் பக்கம் வயல்களில் வளரும் காட்டுப் பான்சியில் இதைச் சோதித்தார்கள். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் சேமித்த விதைகளையும் 2021-இல் அதே இடங்களில் எடுத்த விதைகளையும் ஒரே சூழலில் வளர்த்தார்கள். மண்ணும் தண்ணீரும் ஒன்று என்பதால், தெரிகிற வித்தியாசம் பரம்பரையில் வந்தது. முடிவு 2023 டிசம்பரில் வெளியானது: புதிய செடிகளின் பூ சுமார் 10% சிறியது, தேன் 20% குறைவு, தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது 27% அதிகம். வராத விருந்தாளிக்கு எதற்கு இலை போட்டுக் காத்திருப்பது என்கிற கணக்குதான்! ஆனால் பூ சிறுத்தால் பூச்சிக்கும் தீனி குறையும், அதுவும் இன்னும் குறையும். எனக்கு உறுத்துவது இந்தச் சுழல்தான்.

விருந்தாளி மட்டுமல்ல, வெயிலும் பூவை மாற்றும். 1941 முதல் சேகரிக்கப்பட்ட 42 இனங்களின் உலர்மாதிரிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தபோது, புறஊதாக் கதிரை உறிஞ்சும் நிறமி ஆண்டுக்குச் சராசரியாக 2% கூடியிருந்தது. மகரந்தம் வெளியே தெரியும் பூக்களில், ஓசோன் குறைந்த இடங்களில் நிறமி ஏறியது. மகரந்தம் மூடியிருக்கும் பூக்களில், வெப்பம் ஏறிய இடங்களில் இறங்கியது. நம் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. தேனீக்குத் தெரியும்; நிறமி ஓரளவுக்கு மேல் மாறினால் பூ அதன் கண்ணில் எடுபடாமலும் போகலாம்.

மறுபடி ஹைதராபாத்துக்கு வருவோம். மாடியில் தேன் பெட்டி வைத்தால் தங்கேடு பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெட்டித் தேனீக்கு அந்த அதிர்வு வித்தை தெரியாது. தெரிந்த தச்சுத் தேனீ கூடு குடைவது காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும். லேஅவுட் போடும்போது தங்கேடு புதரோடு சேர்த்து நாம் முதலில் 'க்ளீன்' பண்ணுவதும் அதே பட்ட மரங்களைத்தான்.