ஒளியிழை வலையமைப்புகளில் தரவு வேக அலகு மாற்றம்

தரவு வேகம் என்பது ஒரு நொடியில் ஓர் இணைப்பின் வழியே கடந்து செல்லும் தகவலின் அளவு. ஒளியிழைத் தொலைத்தொடர்பில் இது பிட், பைட், குறியீடு, சட்டகம் எனப் பல அலகுகளில் கணக்கிடப்படுகிறது. எஸ்டிஎம், ஓசி போன்ற படிநிலைப் பெயர்களும் குறிப்பிட்ட வேகங்களைச் சுட்டுகின்றன. ஓர் அலகிலுள்ள மதிப்பை இன்னொன்றுக்கு மாற்ற, பெருக்குக் காரணியோடு அந்த எண் இணைப்பின் எந்த அடுக்கில் அளக்கப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படை அலகுகள்

தொலைத்தொடர்பில் கிலோ, மெகா, கிகா, டெரா ஆகிய முன்னொட்டுகள் எப்போதும் பத்தின் அடுக்குகளே. 1 மெகாபிட் 10 லட்சம் பிட். 1 கிகாபிட் 100 கோடி பிட். 1 டெராபிட் 1 லட்சம் கோடி பிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், பிட் வேகத்தை 8 ஆல் வகுத்தால் பைட் வேகம் கிடைக்கும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஆங்கிலச் சுருக்கங்களில் சிறிய 'பி' பிட்டையும் பெரிய 'பி' பைட்டையும் குறிக்கும். இவ்விரண்டும் மாறிப்போனால் விடை எட்டு மடங்கு பிசகும்.

கணினி நினைவகத்தில் இரண்டின் அடுக்குகளும் வழக்கில் உள்ளன. அங்கே 1,024 பைட் ஒரு கிபிபைட். 1,048,576 பைட் ஒரு மெபிபைட். பத்தின் அடுக்குக்கும் இரண்டின் அடுக்குக்கும் உள்ள வேறுபாடு கிலோ நிலையில் 2.4 விழுக்காடு, டெரா நிலையில் ஏறத்தாழ 10 விழுக்காடு. சில இயக்குதளங்கள் இரண்டின் அடுக்கில் கணக்கிட்டுவிட்டு 'கிகாபைட்' என்றே காட்டுவதால் குழப்பம் கூடுகிறது.

படிநிலை வேகங்கள்

எஸ்டிஎம், ஓசி வேகங்கள் முழு எண்களாக இல்லாததற்குக் காரணம் தொலைபேசிக் குரல். ஒரு குரல் தடம் நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாதிரியும் 8 பிட்டாக எழுதப்படுகிறது. இதனால் ஒரு தடத்தின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். இத்தகைய 32 தடங்கள் சேர்ந்தது 2.048 மெகாபிட் கொண்ட ஈ1 இணைப்பு. வட அமெரிக்காவின் டி1 இணைப்பில் 24 தடங்களும் சட்டகத்துக்கு ஒரு கூடுதல் பிட்டும் சேர்ந்து 1.544 மெகாபிட்.

ஓசி வேகங்களைக் கொண்ட வட அமெரிக்காவின் சோனெட், எஸ்டிஎம் வேகங்களைக் கொண்ட, 1988-இல் பன்னாட்டுப் பரிந்துரைகளாக ஏற்கப்பட்ட எஸ்டிஹெச் ஆகிய இரு ஒளியிழைத் தரநிலைகளும் அதே 8,000-ஐத் தொடர்ந்தன. எஸ்டிஎம்-1 சட்டகம் 9 வரிசையும் 270 நிரலும் கொண்டது; ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பைட். 270 × 9 × 8 × 8,000 எனப் பெருக்கினால் நொடிக்கு 155.52 மெகாபிட் வரும். சோனெட்டின் அடிப்படைச் சட்டகத்தில் 90 நிரல்; அதன் வேகம் 51.84 மெகாபிட். ஆகவே ஓசி எண்ணை 3 ஆல் வகுத்தால் அதற்கு இணையான எஸ்டிஎம் எண் கிடைக்கும்:

ஓசி-3 = எஸ்டிஎம்-1 = 155.52 மெகாபிட்
ஓசி-12 = எஸ்டிஎம்-4 = 622.08 மெகாபிட்
ஓசி-48 = எஸ்டிஎம்-16 = 2,488.32 மெகாபிட்
ஓசி-192 = எஸ்டிஎம்-64 = 9,953.28 மெகாபிட்
ஓசி-768 = எஸ்டிஎம்-256 = 39,813.12 மெகாபிட்

வீடுகளுக்கு வரும் ஜிபான் ஒளியிழை இணைப்பின் இறங்குவேகமான 2.48832 கிகாபிட்டும் எஸ்டிஎம்-16-இன் வேகமே.

இழை வேகமும் பயன் வேகமும்

இழையில் ஓடும் பிட்டுகள் அனைத்தும் பயனரின் தரவு அல்ல. எஸ்டிஎம்-1-இல் எத்தனை ஈ1 இணைப்புகள் அடங்கும் என்று காண 155.52-ஐ 2.048 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 75.9 என்று வரும்; உண்மையில் அடங்குபவை 63. சட்டகத்தின் மேலாண்மைப் பைட்டுகளும், 3 × 7 × 3 என்ற அடுக்குமுறையும் எஞ்சிய இடத்தை எடுத்துக்கொள்கின்றன.

'10 கிகா இணைப்பு' என்ற ஒரே பெயர் மூன்று இழை வேகங்களைச் சுட்டக்கூடும். எஸ்டிஎம்-64 எனில் 9.95328 கிகாபிட். 10 கிகாபிட் ஈதர்நெட் எனில், ஒவ்வொரு 64 பிட்டும் 66 பிட்டாகக் குறியாக்கப்படுவதால் 10.3125 கிகாபிட். எஸ்டிஎம்-64-ஐ ஓடியு2 எனும் ஒளியிழைப் போக்குவரத்து உறையில் ஏற்றினால், பிழைதிருத்தப் பைட்டுகளும் மேலாண்மைப் பைட்டுகளும் சேர்ந்து 255/237 என்ற விகிதத்தில் 10.709 கிகாபிட். முழு வேக 10 கிகாபிட் ஈதர்நெட் எஸ்டிஎம்-64-க்குள் அடங்காது. அதற்காகவே வகுக்கப்பட்ட 'வான்' வகை ஈதர்நெட்டின் பயன் வேகம் ஏறத்தாழ 9.294 கிகாபிட்.

பாட்

பாட் என்பது நொடிக்கு அனுப்பப்படும் குறியீடுகளின் எண்ணிக்கை. ஒளியை ஏற்றி அணைக்கும் எளிய முறையில் ஒரு குறியீடு ஒரு பிட்டைச் சுமக்கும். பாட் எண்ணும் இழையின் பிட் வேகமும் ஒன்றே. ஒளியின் இரு முனைவாக்கங்களிலும் நான்கு கட்டநிலைகளைப் பயன்படுத்தும் முறையில் ஒரு குறியீடு 4 பிட்டைச் சுமக்கும். 100 கிகா தரவைச் சுமக்கும் ஓடியு4-இன் இழை வேகமான 111.81 கிகாபிட்டை 4 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 27.95 கிகாபாட்.

மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

1 டெராபைட் கோப்பை 1 கிகாபிட் ஈதர்நெட் வழியே அனுப்பும் நேரத்தைக் கணக்கிட, கோப்பின் அளவை 8 ஆல் பெருக்கி 8 டெராபிட் ஆக்க வேண்டும். அதை நொடிக்கு 1 கிகாபிட் ஆல் வகுத்தால் 8,000 நொடி, அதாவது 2 மணி 13 நிமிடம் 20 நொடி. ஈதர்நெட்டின் வழக்கமான பெரும அளவுச் சட்டகம், முன்குறிப்புப் பைட்டுகளும் சட்டகங்களுக்கு இடையிலான இடைவெளியும் சேர்த்து, 1,538 பைட் இடம் பிடிக்கிறது. ஈதர்நெட்டின் சொந்தப் பைட்டுகளும் ஐபி, டிசிபி தலைப்புகளின் 40 பைட்டும் போக அதில் கோப்பின் தரவு 1,460 பைட். ஆகவே பயன் வேகம் ஏறத்தாழ 949 மெகாபிட். நேரம் 2 மணி 20 நிமிடத்தைத் தாண்டும். கோப்பின் அளவு டெபிபைட்டில் தரப்பட்டிருந்தால் இந்நேரம் மேலும் 10 விழுக்காடு நீளும்.