மர்மப் படமும் அரசின் முகமும்: கொஸ்தா கவ்ராஸின் திரைப்படங்கள் குறித்து

மர்மப் படத்தை வணிகச் சரக்கு என ஒதுக்கிவிடும் மனப்பாங்கு முற்போக்கு விமரிசகரிடையே நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. அவ்வொதுக்கல் எத்துணை பொருத்தமானது என்பதைச் சோதித்துப் பார்க்கக் கிரேக்க–பிரெஞ்சு நெறியாளர் கொஸ்தா கவ்ராஸின் படங்கள் நமக்கு வாய்ப்பளிக்கின்றன.

அவர் 1933இல் ஆர்க்காடியாவிற் பிறந்தவர். தந்தை நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இடதுசாரி விடுதலை இயக்கத்திற் பங்குகொண்டமையால், உள்நாட்டுப் போரின் பின்னர் மகனுக்குத் தாயகத்துப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டன. பாரிஸ் சென்று இலக்கியமும் பின்னர் திரைக்கலையும் பயின்றார். 1965இல் வெளிவந்த முதற்படம், ரயிலின் படுக்கைப் பெட்டியில் நிகழும் கொலையைத் துலக்கும் வழமையான துப்பறியும் கதையே. கொன்றவர் யார் என்பதே அங்கு வினா.

1969இல் வெளிவந்த 'இஸட்' அவ்வினாவையே மாற்றிவிடுகிறது. 1963 மே மாதம் தெசலோனிக்கி நகரிற் சமாதானக் கூட்டமொன்றில் உரையாற்றி வெளிவந்த பாராளுமன்ற உறுப்பினர் லம்பிராக்கிஸ், முச்சக்கர வாகனமொன்றில் வந்தோராற் தாக்கப்பட்டுச் சில நாட்களில் மரணமானார். வீதி விபத்து என்றது அதிகாரத் தரப்பு. வசிலிகோஸ் இதனை நாவலாக்கினார். 1967இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியமையாற் படம் அல்ஜீரியாவில் எடுக்கப்பட்டது. அடித்தவரை நாம் தொடக்கத்திலேயே அறிந்துவிடுகிறோம். அவரை ஏவியவர் யார், காத்தவர் யார் என்பதை நோக்கியே விசாரணை படிப்படியாக மேலேறுகிறது. நேர்மையான நீதவான் ஒருவரையே படம் நம்புகிறது, வர்க்கத்தைக் காட்டவில்லை என்று பிரெஞ்சு இடதுசாரிகள் சிலர் குறைகூறினர். இதிற் பாதியையே நாம் ஏற்கலாம். கொலையாளிகள், பிழைப்புக்குப் பொலிஸாரின் தயவை நம்பிய உதிரிகளாகவே காட்டப்படுகின்றனர். வர்க்கம் அங்கேதான் இருக்கிறது.

ஆயின், உண்மையான சோதனை 1970இல் வெளிவந்த 'ஒப்புதல் வாக்குமூலம்' என்ற படமே. 1952இற் செக்கோஸ்லவாக்கியாவில் நடந்த சிலான்ஸ்கி வழக்கில் பதினால்வர் குற்றஞ்சாட்டப்பட்டனர், பதினொருவர் தூக்கிலிடப்பட்டனர். ஆயுட்சிறை பெற்ற மூவருள் ஒருவரான ஆர்தர் லண்டனின் நூலே படத்தின் மூலம். இங்கு மர்மக் கதையின் அமைப்பு தலைகீழாகிறது: குற்றமில்லை, ஆனாற் குற்றவாளி வேண்டும். 'இஸட்'டைக் கொண்டாடியோர் பலர் இதனைக் கண்டு முகஞ்சுளித்தனர். எதிரிக்கு ஆயுதம் வழங்குவதாம்! ஆயுதம் வழங்கியவர்கள் அவ்வழக்கை நடத்தியவர்களேயன்றி, அதனைப் படமாக்கியவரல்லர். லண்டனாக நடித்த ஈவ் மொந்தான் 'இஸட்'டிற் கொலையுண்டவராக நடித்தவரே. திரைக்கதை எழுதிய செம்புறூனும் 1964இல் ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலக்கப்பட்டவர். இவர்கள் வெளியிலிருந்து கல்லெறிந்தவர்களல்லர்.

உருகுவேயில் ஐக்கிய அமெரிக்கா பொலிஸாருக்கு அளித்த 'ஆலோசனை'யை அம்பலப்படுத்திய 'முற்றுகை நிலை' 1972இல் வெளிவந்தது. அது அலெண்டேயின் சிலியிற் படமாக்கப்பட்டது. மறுவருடம் செப்டெம்பரில் அவ்வாட்சி கவிழ்க்கப்பட்டது. அக்கவிழ்ப்பின்போது காணாமற்போன அமெரிக்க இளைஞனைத் தேடும் 'மிஸ்ஸிங்' (1982) படத்துக்காகச் சந்தியாகோவின் வீதிகளை அவர் மெக்சிக்கோவில் உருவாக்க வேண்டியிருந்தது.